பாடும் பங்கும்

ஏரிப் பாசனத்தில் பயிரிடும் நம் அங்கத்தினர்க்கு முறைத் தண்ணீர் எத்தகையதோ, பழவேற்காட்டு ஏரியில் தொழில் செய்வோர்க்குப் ‘பாடு’ அத்தகையது. பசியாவரம் முதலிய மீனவக் கிராமங்கள் பலவற்றை வாழவைக்கும் இவ்வேரியில் இறால் எங்கும் ஒன்றுபோல் கிடைப்பதில்லை. முகத்துவாரத்தை அடுத்த சில இடங்களில், நீர் கடலை நோக்கி இழுக்கும் வேளையில், சுத்து வலை கட்டினால் மிகுதியாக விழும். இடமோ சில, வலையோ பல. வலுத்தவன் வளைத்துக்கொண்டால் மற்றவன் வீட்டில் அடுப்பு எரியாது. ஆகவே கோட்டைக்குப்பம், ஆண்டிக்குப்பம், நடுவூர் மாதாகுப்பம் ஆகிய ஊரார் நெடுங்காலமாகச் சீட்டுக் குலுக்கி, முறைவைத்து இடத்தைப் பகிர்ந்து வந்துள்ளனர். இன்று நல்ல இடம் பெற்றவர் அடுத்த முறை வேறிடம் செல்வார்.

கூட்டுறவுக்கு நம் நாட்டில் சட்டம் வந்தது 1904-இல். அவ்வாண்டிலேயே, இன்று திருவள்ளூர் மாவட்டத்தைச் சேர்ந்த திரூரில் கடன் சங்கம் தோன்றியதை நாம் பெருமையுடன் சொல்லிக்கொள்கிறோம். அதே மாவட்டத்து ஏரிக்கரையில் பதிவேடும் பதிவாளருமின்றி நடந்துவரும் பாட்டு முறையை ஏனோ நாம் கூட்டுறவெனக் கருதுவதில்லை.

ஆயினும் அதன் குறையை மறைக்கலாகாது. இன்ன ஊர், இன்ன குலம், குடும்பத் தலைவன் என்னும் கணக்கில் பெயர் உள்ளவர்க்கே முறை உண்டு. இறால் ஏற்றுமதிப் பொருளாகி விலை ஏறிய பின்னர், பிற ஊராரும் வலையுடன் வந்தனர், பூசல்கள் மூண்டன. முழங்கால் நீரில் குனிந்து கையால் தடவி இறால் பிடிக்கும் இருளர் பெண்களுக்கு எந்தச் சீட்டிலும் பெயரில்லை. முகத்துவாரம் மணலால் தூர்ந்துவிடும் நாட்களில் யாருக்கும் போதிய இறால் இல்லை என்பது தனி வேதனை.

பழைய வழக்கம் என்று பாட்டை ஒழித்தால், பணமுள்ளவர் கையில் ஏரி போய்ச் சேரும். பழைய வழக்கம் என்பதற்காகவே அதைத் தொடாது விட்டால், வெளியே நிற்பவர் என்றும் வெளியேதான் நிற்பர். இலங்கையில் நீர்கொழும்புக் களப்பிலும் இதுபோலவே மீனவர் சங்கங்கள் சீட்டுப் போட்டு வலை கட்டுகின்றன. அந்த வழக்கத்தை அந்நாட்டு அரசு 1958-இல் சட்ட விதிகளாகவே வெளியிட்டது. நம்மால் ஆகாதா?

ஏரியைச் சுற்றியுள்ள மீனவர் கூட்டுறவுச் சங்கங்கள் கூடி, பாட்டு முறையை எழுத்தில் வடிக்க வேண்டும். சீட்டில் இடமில்லாத ஊர்களின் பிரதிநிதிகளும் அக்கூட்டத்தில் அமர வேண்டும். ஆழமற்ற பகுதிகளைக் கையால் பிடிப்போர்க்கென ஒதுக்கி, அங்கே வலை கட்டலாகாது எனத் துணைவிதி செய்யலாம். முகத்துவாரம் தூர்வாரும் திட்டம் வரும்போது, நீரோட்டம் அறிந்த பாட்டுக்காரர்களின் சொல்லைப் பொறியாளர்கள் முதலில் கேட்கட்டும். இவற்றுள் கைப்பிடிப்பெண்களின் பங்கையே நாம் முதலாவதாகக் கோருகிறோம். வலை வாங்கக் கடன் கொடுத்தால் அவர்கள் துயர் தீருமென்று சிலர் கூறுவர். கட்ட இடமில்லாதவர்க்கு வலை எதற்கு?