முதல் ராத்திரியே சாகடிக்கும் கேம்கள்

போடிநாயக்கனூரிலிருந்து மலையேறி ஏலத்தோட்டத்துக்கு முதல் நாள் வேலைக்குப் போகிறவரிடம் கூடையைக் கொடுத்து, 'நீயே கண்டுபிடி' என்று யாரும் விட்டுவிட மாட்டார்கள். செடியின் அடியில் தரையோடு கிடக்கும் சரத்தில் எந்தக் காயைப் பறிக்கலாம், எதை விட்டுவைக்க வேண்டும் என்று பழகினவர் கூட இருந்து காட்டித் தருவார்.

உயிர் பிழைப்பதே விளையாட்டாக உள்ள 'சர்வைவல்' கேம்களில் பலவற்றுக்கு இந்தப் பொறுமை இல்லை. மைன்கிராஃப்டையே எடுத்துக்கொள்ளுங்கள். ஏதோ ஓர் இடத்தில் உங்களை இறக்கிவிடும். மரத்தை வெறுங்கையால் அடித்தால் கட்டை கிடைக்கும், அதைப் பலகையாக்கலாம், இருட்டுவதற்குள் பதுங்க இடம் வேண்டும்... யார் சொல்வது? பகல் வெளிச்சம் பத்தே நிமிடம். அப்புறம் ஸோம்பிகள்தான்! கம்ப்யூட்டர் பதிப்பு முழுமையாக வெளியானது 2011ல். எதை எப்படிச் செய்வது என்று காட்டும் செய்முறைப் புத்தகம் சேர்ந்ததோ 2017ல், 1.12 பதிப்பில்.

தானாகக் கண்டுபிடிப்பதில்தான் சுவை என்பார்கள். சரி, அதற்கு முதலில் உயிரோடு இருக்க வேண்டாமா? மவுஸ் பிடிக்கவே இப்போதுதான் பழகும் நமக்கு இது அநியாயம்.

கேமை அழித்துவிடாதீர்கள். ஆப்ஷன்ஸில் டிஃபிகல்டியை 'பீஸ்ஃபுல்' என மாற்றுங்கள். ஸோம்பி வராது, பசியும் எடுக்காது. நிதானமாக மரம் வெட்டிப் பழகலாம்.