வார்டுக்குள் முதலில் வருவது யார்?

லாரி மோதி என் தம்பியின் மீன்பாடி வண்டி நொறுங்கியது; காலில் பிளேட் வைத்தார்கள். மயக்கம் சரியாகத் தெளியுமுன்னே வக்காலத்துப் படிவத்தோடு ஒருவர் வார்டுக்கு வந்துவிட்டார். வக்கீல் இல்லை, வக்கீலுக்கு ஆள் பிடிப்பவர். "கைக்காசு ஒண்ணும் வேணாங்க்கா, வர்ற பணத்துல முப்பது பர்சென்ட்." இப்படி இழப்பீட்டில் பங்கு பேசுவதை பார் கவுன்சில் விதிகள் தடுக்கின்றன. அதை அவரா சொல்லுவார்?

அவர் நுழைகிற வார்டுக்குள் சட்ட உதவி ஆணைக்குழுவின் ஆள் ஏன் வருவதில்லை என்பதுதான் என் கேள்வி. 1987ஆம் ஆண்டுச் சட்டப்படி பெண்கள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகளுக்கு வருமானம் பார்க்காமலே இலவச வழக்கறிஞர் உண்டு. 15100 என்ற எண்ணில் கேட்கலாம். விபத்து எங்கே நடந்தாலும், குடியிருக்கும் ஊரின் விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்திலேயே வழக்குப் போடலாம். அடித்துவிட்டு நிற்காமல் ஓடிய, அடையாளம் தெரியாத வண்டி என்றாலும் கொடுங்காயத்துக்கு 50,000 ரூபாய், உயிரிழப்புக்கு 2 லட்சம் என்று 2022 ஏப்ரல் முதல் திட்டம் இருக்கிறது.

ஆஸ்பத்திரியில் ஏ.ஆர். காப்பிக்காக, அதாவது விபத்துப் பதிவேட்டின் நகலுக்காக, ஜனங்கள் கால்கடுக்க நிற்கும் ஜன்னலுக்கு மேலே இதையெல்லாம் பெரிய எழுத்தில் எழுதிப் போடட்டும். வாரம் ஒருநாளாவது சட்ட உதவி வழக்கறிஞர் எலும்பு முறிவு வார்டைச் சுற்றி வரட்டும்.