வந்துரலாமா, மாமா?

எங்கள் பக்கத்தில் நாடு விட்டு நாடு போவது பெரிய சங்கதி இல்லை. சிவகிரியில் பஸ் ஏறி புளியங்குடி, கடையநல்லூர், தென்காசி என்று தெற்கே போனால், வழியில் பாதி வீடுகளின் சுவரில் கொழும்பும் சிங்கப்பூரும் பினாங்கும் துபாயும் கண்ணாடிச் சட்டத்துக்குள் தொங்கும். அதெல்லாம் பிழைக்கப் போனவர்களின் கணக்கு. 'அரசியல் சரியில்லை, இனி இங்கே இருந்து பிரயோஜனமில்லை' என்று பெட்டி கட்ட நினைக்கிறவனின் கணக்கு வேறு. அப்படிச் சொல்பவர்களும் ஊரில் உண்டு. ஒவ்வொரு தேர்தல் முடிவுக்கும் மறுநாள் கனடாவுக்குப் போய்விடப் போவதாக அறிவிக்கும் நண்பர் ஒருவர் எனக்கு இருக்கிறார். இன்னும் வாசுதேவநல்லூரைத் தாண்டவில்லை.

2022 ஏப்ரலில் இலங்கை மலையகத்து ஹட்டனிலிருந்து போன் செய்தவன் அந்த ரகம் இல்லை. என் அத்தையின் பேரன். எனக்கு மருமகன் முறை. த்ரீவீலர் ஓட்டுகிறவன், இரண்டு பெண் பிள்ளைகள். பெட்ரோல் வரிசையில் வண்டியை விட்டுவிட்டு, நிழலில் உட்கார்ந்துகொண்டு பேசினான். கேஸ் இல்லை, பால்மா இல்லை. மார்ச் கடைசியில் ஒரு நாளைக்குப் பதின்மூன்று மணி நேரம் கரண்ட் இல்லை. கடனைத் திருப்பிக் கட்ட முடியாது என்று இலங்கை அரசு ஏப்ரல் 12-ம் தேதி கையை விரித்திருந்தது. அதற்கு முன்பே, மார்ச் 22-ல், பதினாறு பேர் கடல் தாண்டி தனுஷ்கோடிப் பக்கம் வந்து இறங்கிய செய்தி இங்கே பத்திரிகைகளில் வந்தாகிவிட்டது. அவனும் அதைப் பார்த்திருக்கிறான்.

"மாமா, அங்கிட்டு வந்துரலாமான்னு பாக்குறோம். நம்ம ஊருதானே?"

பக்கத்தில் இருந்த அம்மா போனை வாங்காமலேயே, அவனுக்குக் கேட்கும்படி சத்தமாகச் சொன்னாள்: "அவன அங்கனயே இருக்கச் சொல்லு. இவனோட தாத்தனும் சின்னத் தாத்தனும் பட்ட பாட்ட நான் கண்ணால பாத்தவ."

அம்மா சொன்னது ஐம்பது வருஷத்துக் கதை. அதைச் சொல்லாமல் இவனுக்குப் பதில் சொல்ல முடியாது.

இலங்கை சுதந்திரம் அடைந்த 1948-லேயே, நவம்பரில், அங்கே ஒரு குடியுரிமைச் சட்டம் வந்தது. மலையகத் தோட்டங்களில் தலைமுறைகளாகத் தேயிலை பறித்த தமிழர்களில் பெரும்பாலோர் அந்தச் சட்டத்தால் எந்த நாட்டுக்கும் சொந்தமில்லாதவர்களாகிப் போனார்கள். பிறகு 1964 அக்டோபர் 30-ல் லால் பகதூர் சாஸ்திரியும் சிறிமாவோ பண்டாரநாயக்கவும் டெல்லியில் ஒப்பந்தம் போட்டார்கள். கணக்கில் வந்தவர்கள் 9,75,000 பேர். அதில் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, மூன்று லட்சம் பேர் இலங்கைக்கு. மிச்சம் ஒன்றரை லட்சத்தைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று ஒத்திவைத்து, 1974-ல் இந்திரா காந்தி காலத்தில் ஆளுக்குப் பாதி என்று முடித்தார்கள். இதில் ஒரு ஆளையாவது கூப்பிட்டு "உனக்கு எந்த ஊர் வேணும்?" என்று கேட்டதில்லை. கேட்டது பிற்பாடு. 1968 மே முதல் 1970 ஏப்ரல் கடைசி வரை விண்ணப்பம் வாங்கினார்கள். இந்தியா வேண்டும் என்று எழுதிக் கொடுத்தவர்கள் ஏறக்குறைய நான்கு லட்சம் பேர். இங்கேயே இருக்கிறோம் என்று எழுதியவர்கள் ஆறு லட்சத்துக்கும் மேல். ஒப்பந்தம் போட்டவர்கள் நினைத்ததற்கு நேர் எதிர்.

என் அத்தை வீட்டுக்காரர் 'இருக்கிறேன்' என்று எழுதினார். அவருடைய தம்பி 'போகிறேன்' என்று எழுதினார். ஒரே லயத்து வரிசை வீட்டில், அடுத்தடுத்த காம்பிரா அறைகளில் இருந்தவர்கள். ஏன் அப்படி எழுதினீர்கள் என்று இருவரையும் வெவ்வேறு காலத்தில் கேட்டிருக்கிறேன். அரசியலைப் பற்றி இருவருமே பேசவில்லை. மாமாவுக்கு எஸ்டேட்டில் பேர் பதிந்த நிரந்தர வேலை, தோட்டத்து மாரியம்மன் கோயில் திருவிழாவில் ஒரு முறைமை. சின்ன மாமாவுக்குச் சிவகிரியில் அரை ஏக்கர் பங்கு இருப்பதாக யாரோ சொல்லியிருந்தார்கள். சட்டமும் கலவரமும் ஆளைக் கதவு வரைதான் தள்ளும். படி தாண்டுவதா வேண்டாமா என்பதை இப்படிப்பட்ட அரை ஏக்கர்கள்தான் முடிவு செய்கின்றன. (அந்த அரை ஏக்கர் கடைசிவரை கண்ணில் படவில்லை. அது வேறு வழக்கு.)

ஒரே வீட்டில் இரண்டு கட்சி எங்கள் ஊருக்குப் புதிதல்ல. 1799-ல் சிவகிரிப் பாளையக்காரர் ஒரு பக்கம் நிற்க, அவருடைய மகன் தந்தையை எதிர்த்துக் கிளம்பினார். மகனுக்குக் கை கொடுத்தவர் கட்டபொம்மன். எல்லாப் போரும் அடங்கிய பிறகு, 1802-ல், தெற்கத்திக் கிளர்ச்சிக்காரர்கள் எழுபத்து மூன்று பேரைத் தூத்துக்குடியில் கப்பலேற்றிப் பினாங்குக்கு அனுப்பியது கிழக்கிந்தியக் கம்பெனி. நம் சீமையிலிருந்து அரசியலுக்காக நாடு கடந்த முதல் கூட்டங்களில் ஒன்று அது. அவர்களிடமும் யாரும் விண்ணப்பம் வாங்கவில்லை.

சின்ன மாமா எழுபதுகளின் நடுவில் வந்தார். தலைமன்னாரில் கப்பல், ராமேஸ்வரத்தில் இறக்கம், மண்டபம் முகாம். அங்கிருந்து ஆட்களைப் பிரித்து அனுப்புவார்கள். நீலகிரியில் இவர்களுக்காகவே அரசு தேயிலைத் தோட்டம் போட்டது. அதுதான் இன்றைய டான்டீ. இவர்களுக்கும் பர்மாவிலிருந்து வந்தவர்களுக்கும் சேர்த்து 1969-ல் தொடங்கிய கூட்டுறவு வங்கிதான் ரெப்கோ. பலருக்கு வியாபாரக் கடன் கொடுத்துக் கடை போடச் சொன்னார்கள். வாழ்க்கை முழுக்கக் கொழுந்து பறித்தவன் தராசு பிடித்தால் என்ன ஆகுமோ அதுதான் ஆனது. சின்ன மாமாவுக்கு விழுந்தது புனலூர். செங்கோட்டையில் மலை ஏறி ஆரியங்காவு வழியாக இறங்கினால் வந்துவிடும். அங்கே குளத்துப்புழை, ஆயிரநல்லூர் பக்கம் மத்திய அரசும் கேரள அரசும் சேர்ந்து ரப்பர் தோட்டம் போட்டு, 1976-ல் அதைக் கம்பெனியாக்கின. சிவகிரியிலிருந்து பஸ் பிடித்தால் ஒரு பகலில் போய்த் திரும்பலாம். தாய்நாட்டுக்கு வருகிறேன் என்று கிளம்பிய மனிதர், தாய்மொழி பேசாத மாநிலத்தில் பால் வெட்டினார். ஊருக்கு வந்தால் இங்கே உள்ளவர்கள் "சிலோன்காரர் வந்திருக்கார்" என்றார்கள். மலையகத்தில் அவரை இந்தியாக்காரர் என்றுதான் சொல்லியிருக்கிறார்கள். அவர் கோபித்துக்கொண்டு நான் பார்த்ததில்லை. "ரெண்டு ஊரும் நம்மள அடுத்த ஊருக்காரன்னே சொல்லுது மாப்ளே" என்பார், சிரித்துக்கொண்டே.

அதே சமயம் அவர் ஏமாந்தார் என்றும் சொல்லிவிட முடியாது. 1977-ல் தமிழர் மீதான கலவரத்தில் மலையகத்திலும் அடி விழுந்தது. தோட்டத்தை விட்டு வவுனியாவுக்கும் கிளிநொச்சிக்கும் போய்க் காடு வெட்டிக் குடியேறியவர்கள் எத்தனையோ பேர். அவர்கள் பிறகு போரின் நடுவில் மாட்டினார்கள். 1983 ஜூலையில் தமிழர் கடைகள் எரிந்தன. அடுத்த வருஷமே தலைமன்னார் கப்பல் நின்றது. இந்தியப் பாஸ்போர்ட்டைக் கையில் வைத்துக்கொண்டே போக வழியில்லாமல் அங்கே தங்கிப்போனவர்கள் பல்லாயிரம் பேர். அவர்களுடைய சிக்கல் தீர 2003-ல் இலங்கை தனியாக ஒரு சட்டம் போட வேண்டியிருந்தது. மாமா 'இருக்கிறேன்' என்று எழுதிக் காத்திருந்து பிரஜாவுரிமை வாங்கினார். அவருடைய பேரனுக்கு இன்று ஓட்டு உண்டு. ஆனால் 1983-ல் மூன்று ராத்திரி குடும்பத்தோடு தேயிலைச் செடிகளுக்கிடையில் படுத்திருந்தவரும் அவர்தான்.

கடையநல்லூரில் இதே கதைக்கு இன்னொரு பாடம் உண்டு. தறி ஓட்டிய முஸ்லிம் குடும்பங்கள் அங்கிருந்தும் தென்காசியிலிருந்தும் சிங்கப்பூருக்குப் போயின. மற்றவர்களில் ஆண்கள் மட்டும் போய்ச் சம்பாதித்துத் திரும்ப, இவர்கள் மனைவி மக்களோடு போனார்கள். தஞ்சோங் பகாரில் துறைமுகத்தை ஒட்டிக் குடியிருந்தார்கள். 1946-ல் உமறுப்புலவர் பெயரில் தமிழ்ப் பள்ளிக்கூடமே நடத்தினார்கள். 1965-ல் சிங்கப்பூர் தனி நாடானது. பிரிட்டிஷ் ராணுவம் தளத்தைக் காலி செய்யப் போவதாக 1968-ல் சொன்னதும் வேலைக்குத் தட்டுப்பாடு. குடியுரிமை இல்லாதவனுக்கு வொர்க் பெர்மிட் வேண்டும் என்று விதி வந்தது. அமைதியான நாளில் சிரமப்பட்டுக் குடியுரிமை எழுதி வாங்கியிருந்தவர்கள் நின்றார்கள். 'ஊருக்குத் திரும்பத்தானே போகிறோம், எதற்கு?' என்று விட்டவர்களில் பலர் மெய்யாகவே திரும்பினார்கள்.

பர்மாவைப் பற்றி ஒன்று மட்டும். 1962-ல் நெ வின் ஆட்சியைப் பிடித்து, கடைகளையும் ஆலைகளையும் நாட்டுடைமையாக்கியபோது தமிழர்கள் அடித்துப் பிடித்துக்கொண்டு இங்கே வந்தார்கள். வந்த சிலருக்கு இங்கே ஒட்டவில்லை. திரும்ப பர்மாவுக்கே போய்விடலாம் என்று தரைவழியாக மணிப்பூர் எல்லைக்குப் போனவர்களை எல்லைக்கு அப்பால் விடவில்லை. மோரே என்ற அந்த எல்லை ஊரிலேயே தங்கி, கோயில் கட்டி, தமிழ்ச் சங்கம் வைத்துக்கொண்டார்கள். 2023 மே மாதம் மணிப்பூர் எரிந்தபோது மோரேயும் தப்பவில்லை.

கலவரத்துக்குப் பயந்து போகிறவனைக் கோழை என்று திட்டுகிறவர்களோடு எனக்கு ஒத்துப்போகாது. 1908-ல் 'இந்தியா' பத்திரிகை மீது வழக்குப் பாய்ந்தபோது பாரதி பிரெஞ்சுக்காரர் ஆண்ட புதுச்சேரிக்குப் போனார். அன்றைக்கு அது வேறு நாடு. 1911-ல் செங்கோட்டை வாஞ்சிநாதன் மணியாச்சியில் கலெக்டர் ஆஷைச் சுட்ட பிறகு, புதுச்சேரியில் பாரதியின் வீட்டைச் சுற்றி ஒற்றர்கள் மொய்த்தார்கள். பத்து வருஷம் தாக்குப்பிடித்தார். 1918 நவம்பரில் கிளம்பி, பிரிட்டிஷ் எல்லைக்குள் கால் வைத்ததும் கடலூரில் கைது; விடுதலையானபின் கடையத்தில் மனைவி செல்லம்மாளின் ஊரில் வாசம். போகாமல் இருந்திருந்தால் அந்தப் பத்து வருஷத்தில் எழுதியதை ஜெயிலில் எழுதியிருக்க முடியுமா? போனது சரிதான். ஆனால் பாரதிக்குப் புதுச்சேரியில் கிடைத்த நிழல்கூட என் மருமகனுக்கு தனுஷ்கோடியில் கிடைக்காது.

ஏன் என்று அவனுக்குப் போனிலேயே சொன்னேன். அகதிகளைப் பற்றிய 1951-ம் வருஷத்து ஐ.நா. உடன்படிக்கையில் இந்தியா கையெழுத்துப் போடவில்லை. அகதிகளுக்கென்று தனிச் சட்டமும் இங்கே இல்லை. விசா இல்லாமல் படகில் வந்து இறங்கினால் சட்டப்படி நீ கள்ளத்தனமாகக் குடியேறியவன். எத்தனை வருஷம் இருந்தாலும் விண்ணப்பித்துக் குடியுரிமை வாங்க முடியாது. இங்கே பிறக்கிற பிள்ளைக்கும் கிடையாது. 2019-ல் சட்டத்தைத் திருத்தியபோது பாகிஸ்தான், வங்கதேசம், ஆப்கானிஸ்தானிலிருந்து வந்த குறிப்பிட்ட மதத்தவர்களைச் சேர்த்தார்கள், இலங்கையை விட்டுவிட்டார்கள். தமிழ்நாட்டில் நூற்றுக்கு மேற்பட்ட முகாம்களில் ஐம்பதாயிரத்துக்கும் அதிகமானோர் இருக்கிறார்கள். 2021-ல் 'அகதிகள் முகாம்' என்ற பெயரை 'மறுவாழ்வு முகாம்' என்று மாற்றினார்கள், புது வீடுகளும் கட்டிக் கொடுக்கிறார்கள். நல்ல காரியம். ஆனால் முகாமில் பிறந்து, முகாமிலிருந்தே காலேஜுக்குப் போய்ப் படித்த பிள்ளைக்கும் பாஸ்போர்ட் கிடைப்பது குதிரைக்கொம்பு. உன் பிள்ளைகள் அங்கே பிரஜைகள். வரிசையில் நின்றாலும் சொந்த நாட்டு வரிசையில் நிற்கிறார்கள்.

"அப்ப நம்ம ஊருன்னு சொன்னது சும்மாவா மாமா?" என்றான். பதில் சொல்லக் கஷ்டமாக இருந்தது. விமானத்தில் விசாவோடு வா, மலைக்கோயில் முருகனைக் கும்பிட்டுவிட்டுப் பத்து நாள் இருந்துவிட்டுப் போ என்றேன்.

ஜூலை 9-ம் தேதி கொழும்பில் ஜனங்கள் ஜனாதிபதி மாளிகைக்குள் புகுந்தார்கள். 13-ம் தேதி கோத்தபய ராஜபக்ச மாலத்தீவுக்குப் பறந்து, அங்கிருந்து சிங்கப்பூர் போய், மறுநாள் ராஜினாமா அனுப்பினார். அரசியல் குழப்பத்தால் நாட்டை விட்டுப் போவதா என்று அந்த வாரத்தில் யோசித்தவர்களில் சட்டென்று விமானம் கிடைத்தவர் அவர் ஒருவராகத்தான் இருப்பார். மற்றவர்கள் பத்தரமுல்லையில் பாஸ்போர்ட் ஆபீஸ் வாசலில் விடிய விடிய நின்றார்கள். அந்த ஒரு வருஷத்தில் மட்டும் ஒன்பது லட்சத்துக்கு மேல் பாஸ்போர்ட் கொடுத்திருக்கிறார்கள். அந்த வரிசையில் என் மருமகனும் இருந்தான். நான்கு பேருக்கும் எடுத்து வைத்துவிட்டான். எங்கும் போகவில்லை.

இப்போது அவன் கேட்பது வேறு. பூட்டன் இந்தியாவில் இருந்ததற்குச் சான்று இருந்தால், வம்சாவளியினருக்கான ஓ.சி.ஐ. அட்டைக்கு அவனும் பிள்ளைகளும் விண்ணப்பிக்க முடியுமா என்று பார்க்கிறான். ஓட்டுரிமை கிடையாது, விவசாய நிலம் வாங்க முடியாது. ஆனால் விசா இல்லாமல் வரலாம், போகலாம். மூத்தவளை மதுரையில் படிக்க வைக்க ஆசை. பூட்டன் ஊரை விட்டுப் போனது எந்த வருஷம் என்று குடும்பத்தில் யாருக்கும் தெரியாது. அம்மாவின் தகரப் பெட்டியில், அந்தப் பூட்டன் கைநாட்டு வைத்த ஒரு பழைய கிரயப் பத்திரம் கிடைத்தது. மருமகனுக்குப் படம் எடுத்து அனுப்பினேன். பத்திரத்தில் பேருக்கு முன்னால் குலதெய்வம் சேர்ந்திருக்கிறது, தகப்பன் பேர் இருக்கிறது. எஸ்டேட் பிறப்புப் பதிவில் தாத்தாவின் தகப்பன் என்ற இடத்தில், எழுதியவர் காதில் விழுந்தபடி, பாதிப் பேர்தான் இருக்கிறதாம். இரண்டும் ஒரே ஆள்தான் என்று யாரிடம் எழுதி வாங்குவது என்று தாலுகா ஆபீஸ் பக்கம் விசாரித்துக்கொண்டிருக்கிறேன்.