பூச்சியின் பெயரும் உழவனின் பிழைப்பும்

பெயர் அறியாத ஒன்றைக் கண்டால் மாந்தன் அஞ்சுகிறான்; அன்றேல் புறக்கணிக்கிறான். அஞ்சினால் நஞ்சைத் தெளிக்கிறான். புறக்கணித்தால் விளைவை இழக்கிறான். இரண்டுக்கும் வேர் அறியாமை ஒன்றே. இவ்வுண்மையை ஓசூர், கிருட்டிணகிரி எல்லைப்புறத்து மண் இருமுறை காட்டியிருக்கிறது.

2020ஆம் ஆண்டு மேத் திங்களில், பாலைநில வெட்டுக்கிளிக் கூட்டங்கள் இராசத்தானையும் மராட்டியத்தையும் தாக்கிய செய்தி நாடெங்கும் பரவியிருந்தது. அவ்வேளையில், வேப்பனப்பள்ளியை அடுத்த நேரலகிரியில் எருக்கஞ்செடிகளில் வெட்டுக்கிளிகள் மொய்த்திருக்கக் கண்டு ஊரார் திகைத்தனர். ஒளிப்படங்கள் கைப்பேசிக்குக் கைப்பேசி பறந்தன. அவற்றோடு அச்சமும் பறந்தது. பின்னர்ப் பூச்சிகளை நேரில் ஆய்ந்தவர்கள், அவை பாலைநில வெட்டுக்கிளிகள் அல்ல, உள்ளூர் வெட்டுக்கிளிகளே என்று தெளிவித்தனர். படம் பொய் சொல்லவில்லை. படத்துக்கு இட்ட பெயரே பொய்த்தது. பால்வடியும் எருக்கிலையை விரும்பி உண்ணும் வண்ண வெட்டுக்கிளி தென்னாட்டுக்குப் புதியதன்று. எந்தச் செடியில் எந்தப் பூச்சி வாழும் என்னும் பழைய அறிவு ஊரில் எஞ்சியிருந்தால், பாதி அச்சம் அன்றே அடங்கியிருக்கும்.

இஃது அச்சத்தால் நேர்ந்த பிழை. புறக்கணிப்பால் நேரும் இழப்பைப் பட்டுப்புழு வளர்ப்போர் நன்கறிவர். 1980ஆம் ஆண்டில் மேற்கு வங்கத்திலிருந்து கருநாடகத்துக்குள் தற்செயலாய்ப் புகுந்த ஓர் ஈ, பின்னர்த் தமிழகத்துக்கும் பரவியது. எல்லைக் கல் ஈக்குத் தெரியுமோ? அவ்வீ பட்டுப்புழுவின் தோல்மேல் முட்டையிடுகிறது. முட்டையிலிருந்து வெளிவரும் சிறு புழு, பட்டுப்புழுவின் உடலைத் துளைத்து உள்ளே சென்று வளர்கிறது. துளைத்த இடத்தில் கருவடு தோன்றுகிறது. பட்டுப்புழு இளமையில் தாக்கப்பட்டால் கூடு கட்டுமுன்னே மடிகிறது. முதிர்ந்தபின் தாக்கப்பட்டால், கட்டிய கூட்டைத் துளைத்துக்கொண்டு ஈப்புழு வெளியேறுகிறது. துளைபட்ட கூட்டிலிருந்து அறுபடாத இழை எடுக்க இயலாது. முசுக்கட்டை இலை பறித்து இரவு பகலாய் ஊட்டிய குடும்பத்தின் உழைப்பு ஒரு துளையில் ஒழுகிப்போகிறது!

இவ்வீயைப் படத்தில் காண்பவர் வீட்டு ஈயென்று எளிதில் விட்டுவிடுவர். இரண்டுக்கும் முதுகில் நான்கு கருங்கோடுகள் உண்டு. ஆனால் பட்டுப்புழுவைத் தாக்கும் ஈ வீட்டு ஈயினும் பெரியது. அதன் வயிற்றுப் பகுதியில் முரட்டு மயிர்கள் விறைத்து நிற்கும். அதன் கூட்டுப்புழுவில் முட்டையிட்டு அதனை அழிக்கும் சிறு குளவியும் உண்டு. அக்குளவியைப் பெருக்கிப் பட்டு வளர்ப்போர்க்கு வழங்குகின்றனர். வளர்ப்பு மனையில் நஞ்சு தெளித்தால் பட்டுப்புழுவே மடியுமாதலால், பலகணிக்கு வலையும் இக்குளவியும் காவலாகும். பகையை அறியாதவன் நட்பையும் அறியான். 'எல்லாம் ஈதானே' என்று இரண்டையும் ஒருங்கே அழிப்பான்.

இதன் பெயரையும் ஆராய்தல் வேண்டும். 'ஊசி ஈ' என வழங்கும் இப்பெயர், ஈப்புழுவைக் குறிக்கும் 'உசி' என்னும் சப்பானியச் சொல்லின் வழிவந்தது. தமிழ்ச் செவிக்கு அது குத்தும் ஊசியாகிவிட்டது. இவ்வீயோ குத்துவதே இல்லை! பிறழ்ந்த பெயர் பிறழ்ந்த அறிவையே தரும். 'கருவடு ஈ' என்று வழங்கின், பெயரே அடையாளத்தையும் சொல்லிவிடும். எழுத்தறியாத உழத்தியும் எதைத் தேட வேண்டும் என்று உணர்வாள்.

இன்று பூச்சியைப் படமெடுத்தால் கைப்பேசியே பெயர் சொல்கிறது. ஆனால் அது ஆங்கிலப் பெயர். சிலவேளை வேற்று நாட்டுப் பூச்சியின் பெயர். சரியான விடை வேண்டின் சரியான படம் வேண்டும். முதுகுப்புறம், பக்கம், முகம் என மூன்று படங்கள், இருந்த செடி, ஊர், நாள், அளவு தெரிய அருகில் ஒரு நெல்மணி. அடுத்து இறகை எண்ணுதல் வேண்டும். ஈக்கு இறகு இரண்டு; தேனீக்கும் குளவிக்கும் நான்கு. மஞ்சளும் கருப்புமாய்க் குளவிபோல் தோன்றிப் பூவின்மேல் அசையாது மிதக்கும் ஈயொன்று உண்டு. அதற்குக் கொடுக்கில்லை. அவ்வினத்துள் பலவற்றின் புழுக்கள் அசுவினியைத் தின்று பயிரைக் காப்பன. ஓசூர்ப் பூந்தோட்டத்தில் அதைக் குளவியென்றெண்ணிக் கொல்பவன் தன் காவலாளியைத் தானே கொல்கிறான்.

உலக அறிஞர் தமக்குள் வழங்க இலத்தீனப் பெயர் இருக்கட்டும். அதன் பயனை மறுப்பாரில்லை. ஆனால் வயலில் நிற்பவனுக்கு வயலின் மொழியில் பெயர் வேண்டும். சிதலையும் எறும்பையும் மூவறிவுயிர் என்றும், நண்டையும் தும்பியையும் நான்கறிவுயிர் என்றும் தொல்காப்பிய மரபியல் வகுத்தது. சிற்றுயிரையும் உற்றுநோக்கி இனம்பிரித்த அம்மரபினரின் வழிவந்தோர், இன்று காணும் சிற்றுயிரையெல்லாம் 'பூச்சி' என்னும் ஒரு சொல்லில் அடைத்துவிடுதல் நாணத்தக்கது. ஓசூர்த் தொழிற்கூடத்து வண்டியின் உறுப்புகளை அயற்பெயரால் அடுக்கிச் சொல்லும் இளைஞன், தன் தந்தையின் மாந்தோப்பில் தத்துப்பூச்சி எது, பழ ஈ எது என்று அறியாது நிற்பது கல்வியாகுமா?

செய்யத்தக்க பணி எளியது. எல்லைப்புறப் பள்ளிதோறும் மாணவர் தத்தம் ஊர்ப் பூச்சிகளைப் படமெடுத்து, முதியோரிடம் பெயர் கேட்டு எழுதுதல் வேண்டும். வேளாண்மை அறிந்தோர் அதனைச் சரிபார்த்தல் வேண்டும். பெயர் இல்லாதவற்றுக்கு அடையாளம் விளங்கும் தமிழ்ப்பெயர் இடுதல் தமிழாசிரியர் கடன். தளியின் முதியவளும் பர்கூரின் தோப்புக்காரனும் மறைந்தபின் அவர்தம் நாவிலிருந்த பெயர்களை எந்தக் கைப்பேசியும் மீட்டுத் தாராது.

பெயர் வாழ்ந்தால் அறிவு வாழும். அறிவு வாழ்ந்தால் உழவு வாழும். எழுதத் தொடங்குக, இன்றே!