ஒரு பை-டூ காபி!

உங்க ஊர்ல எத்தனை பாஷை மக்களே? எங்க வேப்பனப்பள்ளியில மூணு! எனக்கு வீட்டுல தெலுங்கு, ஸ்கூல்ல தமிழ். சந்தையில் பேரம் படியணும்னா கொஞ்சம் கன்னடமும் வேணும்.

போன ஞாயிறு கிருஷ்ணகிரி, ஓசூர்னு பஸ் மாறி, பெங்களூரு அல்சூருக்கு ஒரு விசிட். ஏரிக்கு அருகே தமிழ்ச் சங்கம். வயசு? 1950-ல் பிறந்தது, கணக்குப் போட்டுக்கோங்க. அமெரிக்காவின் பாய்ஸி நகரத்துல, ஆடு மேய்க்கப் போன பாஸ்க் இன மக்களும் 1949-ல் இப்படி ஒரு சங்கம் ஆரம்பிச்சாங்க. அங்கே உள்ளேயே பார் உண்டு பாஸ்! இங்கே நான் பார்த்தது நூலகம். (அம்மா, நிம்மதியா?)

ஏரிக்கரை திருவள்ளுவர் சிலையை 1991-லிருந்து 18 வருஷம் திறக்க முடியாமல் மூடியே வெச்சிருந்த கதையை ஒரு பெரியவர் சொன்னார். 2009 ஆகஸ்ட் 9-ல் வள்ளுவர் இங்கே வெளிச்சம் பார்க்க, நாலே நாளில் சென்னை அயனாவரத்தில் கன்னடக் கவி சர்வக்ஞர் சிலை திறப்பு.

அப்புறம்தான் அந்தக் கேள்வி. ‘‘வீட்ல தமிழ்தானே தம்பி?’’

‘‘தெலுங்குங்க ஐயா...’’ ஏதோ டிக்கெட் இல்லாம மாட்டின மாதிரி முழிச்சேன்.

அவர் சிரிச்சுட்டார். ‘‘என் பேரன் தமிழ் பேசுவான், படிக்கத் தெரியாது. நீ படிக்கிறே. வா, காபி குடிக்கலாம்!’’

வெளியே வந்து கடைக்காரரிடம் குரல் கொடுத்தார்: ‘‘ஒந்து பை-டூ காபி கொடி!’’

சர்க்கரை கம்மியா சொல்ல மறந்துட்டார். என் பாதியையும் சேர்த்துத் திட்டிக்கிட்டே குடிச்சார்... சுத்தத் தமிழில்!