ஏலமும் கராம்பும் மட்டும் போதாது



கல்யாண வீடொன்றில் பெண்கள் கூடியிருந்து பேசும்போது கவனித்துப் பாருங்கள். அவர்களுள் ஒருத்தி முந்தானையை வாயருகே பிடித்துக்கொண்டே பேசுவாள். சிரிப்பு வந்தால் முகத்தை அப்பால் திருப்பிக்கொள்வாள். இன்னொருத்தி பேசவே மாட்டாள். கைப்பையிலிருந்து ஓர் ஏலக்காயை எடுத்து வாயிலிட்டுக்கொள்வாள். இதை வெட்கம் என்று நாம் நினைக்கிறோம். அது வெட்கமல்ல, பயம். தன் வாய் நாற்றத்தால் பக்கத்தில் இருப்பவர் முகம் சுளித்துவிடுவாரோ என்ற பயம்.

வேறு சிலருக்கு இந்தப் பயமும் இல்லை. தமது வாயில் நாற்றம் இருப்பதே அவர்களுக்குத் தெரியாது. சொந்த வாடைக்கு மூக்கு பழகிப்போய்விடுகிறது. வீட்டாருக்குத் தெரியும், சொல்லத்தான் நா எழாது. கணவர் சற்று விலகியிருப்பார். மனைவி காரணம் புரியாமல் மனம் நோவாள். இப்படி வருடக்கணக்கில் ஓடும் குடும்பங்கள் உண்டு. இத்தனைக்கும் இது பெரும்பாலும் வீட்டிலேயே தீர்த்துக்கொள்ளக்கூடிய ஒன்று.

நாற்றம் எங்கிருந்து வருகிறது?

"வயிறு சரியில்லை, அதுதான் வாய் நாறுகிறது" என்று பேதி மருந்து குடிப்பவர்கள் நம்மிடையே அநேகர். உண்மையில், நீடித்த வாய் நாற்றம் உள்ள பத்துப் பேரில் எட்டு, ஒன்பது பேருக்குக் காரணம் வாய்க்குள்ளேயே இருக்கிறது. வாயில் வாழும் கிருமிகள், தங்கி நிற்கும் உணவுத் துகள்களையும் உதிரும் தோலணுக்களையும் சிதைக்கின்றன. அப்போது கந்தக வாயுக்கள் உண்டாகின்றன. அழுகிய முட்டையில் வீசுவதும் இத்தகைய வாயுதான்.

இக்கிருமிகள் அதிகம் குடியிருக்கும் இடம் நாக்கின் பின்பகுதி. நாம் பல்லைத் தேய்த்துவிட்டு நாக்கை மறந்துவிடுகிறோம். அடுத்தது பல்லிடுக்குகள், வீங்கி இரத்தம் கசியும் முரசு, சூத்தைப் பல், சரியாகக் கழுவாத கட்டுப்பல். தொண்டைச் சதையில் சேரும் வெண்ணிறக் கட்டிகளும், நாட்பட்ட பீனிசமும் சிலருக்குக் காரணமாகலாம்.

உமிழ்நீர்தான் வாயைக் கழுவிக்கொண்டிருக்கும் இயற்கை நீர். தூக்கத்தில் அது குறைவதால் காலையில் எல்லோர் வாயிலும் வாடை இருக்கும். பல் துலக்கிச் சாப்பிட்டதும் அது போய்விடும். நோன்பு நேரத்தில் வாய் உலர்வதால் வரும் வாடையும் அப்படியே. நோன்பாளியின் வாய் வாடைக்கு மார்க்கத்தில் உள்ள சிறப்பை நாம் அறிவோம். ஆனால் அது நோன்பினால் வருவது, சூத்தைப் பல்லினால் வருவதல்ல! பிரஷருக்கும் ஒவ்வாமைக்கும் மனச்சோர்வுக்கும் எடுக்கும் சில மருந்துகளும் வாயை உலர வைக்கும். அதற்காக மருந்தை நீங்களாக நிறுத்த வேண்டாம், வைத்தியரிடம் சொல்லுங்கள்.

உள்ளி, வெங்காயத்தின் வாடை வேறு வகை. அது இரத்தத்தில் கலந்து நுரையீரல் வழியாகவும் வெளிவரும். ஆகவே பல் துலக்கினாலும் உடனே போகாது. ஆனால் தானாகவே போய்விடும்.

நீங்களே சோதித்துப் பாருங்கள்

மணிக்கட்டின் உட்புறத்தை நாக்கால் நக்கி, சில விநாடிகள் காயவிட்டு முகர்ந்து பாருங்கள். அல்லது கரண்டியொன்றால் நாக்கின் பின்பகுதியை மெல்ல வழித்து முகருங்கள். இதைவிட நம்பகமானது, உங்கள் மீது அன்புள்ள ஒருவரிடம் கேட்பது. ராத்தாவிடமோ உம்மாவிடமோ கேட்டால் மறைக்க மாட்டார்கள். நாற்றமே இல்லாமல் இருக்கிறதென்று எண்ணி ஒதுங்கி வாழ்பவர்களும் உண்டு. அவர்களுக்கும் இந்தக் கேள்வியே மருந்து.

செய்ய வேண்டியவை

1. காலையிலும், இரவு படுக்கும் முன்னும் புளோரைட் உள்ள பற்பசையால் இரண்டு நிமிடங்கள் துலக்குங்கள். இரவில் துலக்குவதை விட்டுவிடாதீர்கள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை பிரஷை மாற்றுங்கள்.

2. நாக்கு வழிப்பானால் பின்னிருந்து முன்னாக, மெதுவாக, தினமும் வழியுங்கள். இரத்தம் வருமளவுக்குச் சுரண்ட வேண்டாம்.

3. பல்லிடுக்கைச் சுத்தம் செய்யும் நூல் பாமசிகளில் கிடைக்கும். தினமும் ஒருமுறை பாவியுங்கள். ஊசியாலும் சட்டைப் பின்னாலும் குத்தாதீர்கள்.

4. மிஸ்வாக் பாவிப்பவர்கள் பல்லோடு முரசின் ஓரத்தையும் நாக்கையும் மெதுவாகத் தேய்க்கலாம். நார் பழையதானால் நுனியை வெட்டிப் புதிதாக்குங்கள்.

5. ஸஹர் சாப்பிட்டவுடன் படுத்துவிடாமல் பல்லையும் நாக்கையும் சுத்தம் செய்யுங்கள். இஃப்தாருக்கும் ஸஹருக்கும் இடையில் போதிய தண்ணீர் குடியுங்கள்.

6. கட்டுப்பல்லை இரவில் கழற்றிக் கழுவி, தண்ணீரில் போட்டு வையுங்கள்.

ஏலமும் கராம்பும் வாசம் தரும், தவறில்லை. ஆனால் அவை நாற்றத்தைச் சற்று நேரம் மறைக்குமேயன்றிப் போக்காது. சீனி கலந்த இனிப்பை வாயில் ஒதுக்கினால் பல் இன்னும் கெடும். வாய் கொப்பளிக்கும் மருந்துகளிலும் சில, தொடர்ந்து பாவித்தால் பல்லில் கறை படியச் செய்யும்.

எப்போது வைத்தியரிடம் போவது?

இவற்றை ஒழுங்காகச் செய்தும் இரண்டு, மூன்று வாரங்களில் குறையாவிட்டால் பல் வைத்தியரிடம் செல்லுங்கள். கல்போல் இறுகிய ஊத்தையை வீட்டில் அகற்ற முடியாது. அரசாங்க வைத்தியசாலைகளில் பற்சிகிச்சைப் பிரிவுகள் உண்டு. கொழும்பிலும் பேராதனையிலும் பல் போதனா வைத்தியசாலைகளும் உள்ளன.

கர்ப்பிணிகளுக்கு முரசு வீங்கி இரத்தம் வருவது சாதாரணம். "பிள்ளை பிறக்கட்டும், பிறகு பார்ப்போம்" என்று பெரியவர்கள் தடுப்பதுண்டு. அது தவறு. கர்ப்ப காலத்திலும் பல்லைச் சுத்தம் செய்துகொள்ளலாம். கர்ப்பிணி என்பதை மட்டும் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

சிறுபிள்ளையின் ஒரு மூக்குத் துவாரத்திலிருந்து மட்டும் நாற்றமான சளி வந்தால், மணியோ பஞ்சோ உள்ளே சிக்கியிருக்கலாம். நீங்களாகத் தோண்டாமல் வைத்தியரிடம் காட்டுங்கள். நீரிழிவுள்ளவரின் மூச்சில் பழவாடை வீசி, வாந்தியும் களைப்பும் இருந்தால் தாமதியாமல் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு செல்லுங்கள்.

வீட்டில் வெற்றிலை போடும் உம்மும்மாவோ, புகைக்கும் வாப்பாவோ இருந்தால் அவர்கள் வாயையும் பாருங்கள். புகையிலை மட்டுமல்ல, பாக்கும் புற்றுநோயை உண்டாக்கும். நம் நாட்டு ஆண்களிடையே வாய்ப் புற்றுநோய் முன்னணியில் நிற்கிறது. வெள்ளை, சிவப்புத் திட்டு, இரண்டு வாரத்தில் ஆறாத புண், வாயைத் திறக்க இறுக்கம் — இவற்றில் ஒன்றிருந்தாலும் நோவு இல்லையே என்று பொறுத்திருக்கக் கூடாது.

எப்படிச் சொல்வது?

கூட்டத்தில் சொல்லாதீர்கள், சண்டையின்போது சொல்லாதீர்கள், பிள்ளைகளைக் கொண்டு சொல்விக்காதீர்கள். தனியாக இருக்கும்போது, "உங்கள் முரசில் ஏதோ கோளாறு போலிருக்கிறது, இருவருமாகப் பல் வைத்தியரிடம் காட்டி வருவோம்" என்று சொல்லுங்கள். கேட்பவருக்கு ஒரு நாள் மனம் வருந்தும். சொல்லாமல் விட்டால், ஏன் எல்லோரும் விலகுகிறார்கள் என்று அவர் ஆயுள் முழுவதும் வருந்துவார்.