தோற்ற கோரிக்கையை மறுபடி எடுப்போம்

"சங்கம் என்னத்தக் கிழிச்சிச்சு?" பத்து பாகாட் வட்டாரத் தோட்டங்களில் நம் காதில் அடிக்கடி விழும் கேள்வி இது. லயத்துக் கூரை ஒழுகுகிறது என்று எழுதிய கடிதத்துக்குப் பதில் வரவில்லை என்றால் போதும், பழி முழுவதும் கிளைச் செயலாளர் தலையில். "சந்தாவ வாங்கித் தின்னுட்டான்", "துரை பக்கம் சாஞ்சிட்டான்" என்று பெரட்டுக் களத்திலேயே பேச்சு. அவரும் மனம் உடைந்து, "நமக்கெதுக்குய்யா இந்தப் பொல்லாப்பு" என்று ஒதுங்கிவிடுகிறார். பிறகு அந்தப் பொறுப்பைத் தொட ஆளில்லை. நிர்வாகத்துக்கு இதைவிட வேறு என்ன வேண்டும்?

தோழர்களே, தோல்வி நமக்குப் புதிதல்ல. 1941-இல் கிள்ளான் வட்டாரத் தோட்டத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். சீனத் தொழிலாளிக்குக் கொடுக்கும் கூலியை எங்களுக்கும் கொடு, பிள்ளைகளுக்கு ஒழுங்கான படிப்பு வேண்டும், மருத்துவ வசதி வேண்டும், கள்ளுக்கடையை மூடு, பெண்களிடம் தகாத முறையில் நடப்பதை நிறுத்து, துரையைக் கண்டால் சைக்கிளை விட்டு இறங்கும் வழக்கத்தை ஒழி. கேட்டது இவற்றைத்தான்.

கிடைத்தது என்ன? மே மாதத்தில், முன்னின்று நடத்திய ஆர். எச். நாதன் கைதானார், பின்னர் நாடு கடத்தப்பட்டார். சிலாங்கூரில் அவசரகாலம் அறிவித்துப் பட்டாளத்தை இறக்கினார்கள். துப்பாக்கிச் சூட்டில் தொழிலாளர்கள் மாண்டார்கள். மிஞ்சியவர்கள் வேலைக்குத் திரும்பினார்கள். யாரோ தூண்டிவிட்டு ஆடினார்கள் என்ற ஏச்சும் சேர்ந்தது.

அந்த மாதத்தோடு கணக்கை முடித்தால் அது படுதோல்விதான். ஆனால் கணக்கு அங்கே முடியவில்லை. யுத்தத்துக்குப் பின் தோட்டங்களில் சங்கங்கள் எழுந்தன. 1954-இல் பல சங்கங்கள் ஒன்றுகூடி தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கம் பிறந்தது. 2013-இல் தீபகற்பத்தில் மாதம் 900 வெள்ளி குறைந்தபட்சச் சம்பளம் சட்டமானது. 2025-இல் அது 1,700 வெள்ளி ஆனது. இது போதும் என்று நாம் சொல்லவில்லை. ஆனால் துரையைக் கண்டு சைக்கிளை விட்டு இறங்குகிறவர் இன்று யாருமில்லை.

குறை சொல்லுகிறவர் எல்லாரும் பகைவரல்லர். "சந்தாக் கணக்கு எங்கே?" என்பது நியாயமான கேள்வி. கூட்டத்தில் கணக்குப் புத்தகத்தை விரித்துப் பதில் சொல்ல வேண்டும். முதுகுக்குப் பின்னால் பேசுகிறவரைக் கூட்டத்துக்கு வந்து பேசச் சொல்ல வேண்டும்; வராவிட்டால் விட்டுவிட வேண்டும். பால் வெட்டியவர்களுக்குத் தெரியும்: பட்டையோடு நின்ற வெட்டு திரும்ப வளரும், கட்டை வரை இறங்கியது காயமாகிவிடும். ஏச்சுப் பேச்சு பட்டையோடு நிற்கட்டும்.

மனம் உடைந்து உட்காருவதற்கும் விலை உண்டு. நியாயமில்லாமல் வேலை நீக்கப்பட்டவர் 60 நாளுக்குள் தொழிலுறவு இலாகாவில் மனுக் கொடுக்க வேண்டும் என்கிறது 1967-ஆம் ஆண்டுத் தொழிலுறவுச் சட்டம். "போனது போகட்டும்" என்று இரண்டு மாதத்துக்கு மேல் படுத்துக் கிடந்தால், நியாயம் இருந்தும் பயனில்லை. அழுகிறவர் அழட்டும், அழுதுகொண்டே மனுவையும் எழுதட்டும். சம்பளச் சீட்டையும் வேலை நீக்கக் கடிதத்தையும் பத்திரமாக வைத்திருங்கள். எழுதத் தெரியாத அண்ணனுக்கும் அக்காவுக்கும் படித்த பிள்ளைகள் உட்கார்ந்து எழுதிக் கொடுங்கள்.

அடுத்த கிளைக் கூட்டத்தில், தோற்ற கோரிக்கையையே முதலில் எடுங்கள். யாரிடம் கேட்டோம், எந்தத் தேதியில், என்ன பதில் வந்தது என்று எழுதி வையுங்கள். தொழிலாளர் வீடு எப்படி இருக்க வேண்டும் என்பதற்கு 1990-இல் வந்த 446-ஆவது சட்டம் இருக்கிறது. ஆகவே இந்த முறை கடிதத்தின் பிரதி ஒன்று தொழிலாளர் இலாகாவுக்கும் போகட்டும். செயலாளர் ஒருவர் மட்டும் கையெழுத்துப் போட்டால் பழியும் ஒருவருக்குத்தான். லயத்தில் உள்ள எல்லாரும் கையெழுத்துப் போடுங்கள்.